திருவனந்தபுரம் டு மெல்போர்ன்: தூரம் காட்டுற சைட் சொல்ற கிலோமீட்டர நம்புங்க, மணிக்கூர நம்பாதீங்க

கிரேட் சர்க்கிள் மேப்பர்னு ஒரு சைட் இருக்கு, ரெண்டு ஏர்போர்ட்டுக்க மூணெழுத்து கோட அடிச்சா நடுவுல ஆகாயத்துல எவ்வளவு தூரம்னு சொல்லி உலக மேப்ல ஒரு கோடு போட்டு காட்டும், அவ்வளவுதான் அதுக்க வேலை. லாகின் வேண்டாம், ஓடிபி வேண்டாம், ஃபோன் நம்பர் கேக்காது. பழங்காலத்து சைட் மாதிரி இருக்கும், பாக்க ஒரு அழகும் கிடையாது, ஆனா அம்மாவுக்கு மெல்போர்ன் டிக்கெட் எடுக்கிற நேரத்துல எனக்கு உதவுன மாதிரி வேற எந்த ஆப்பும் உதவல, அதனால இத விவரமா எழுதணும்னு தோணிச்சு. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல இருந்து யாராவது தூரதேசம் போறாங்கன்னா, முக்கியமா வயசானவங்கள தனியா அனுப்புறீங்கன்னா, இத வாசிச்சுட்டு டிக்கெட் எடுங்க.

எனக்க தங்கச்சி மெல்போர்ன்ல நர்ஸா இருக்கா, அவளுக்கு பேறுகாலம், அம்மா போயே ஆகணும். அம்மாவுக்கு இது முதல் ஃப்ளைட். தக்கலைல இருந்து நாகர்கோவில் பஸ்ல போனாலே ஜன்னல் சீட் கேக்கிறவங்க. "மக்ளே, எத்தன மணிக்கூர் ஆகும்"னு ஒரே கேள்விதான் கேட்டாங்க. அதுக்கு ஒழுங்கா ஒரு பதில் சொல்ல நான் பட்ட பாடு இருக்கே, ஏன்னா நெட்ல தேடுனா ஒவ்வொரு சைட்டும் ஒவ்வொரு நேரம் சொல்லுது. ஒண்ணு பத்து மணிக்கூர்னு சொல்லுது, இன்னொண்ணு பதினொண்ணுன்னு சொல்லுது. ஆனா ட்ராவல்ஸ்ல டிக்கெட்ட காட்டும்போது இருபதுக்கு மேல இருக்கு. யார நம்புறது?

மொதல்ல தூரத்த பாப்போம், அதுலதான் சங்கதியே இருக்கு. திருவனந்தபுரம் ஏர்போர்ட் கோட் டிஆர்வி, மெல்போர்ன் எம்இஎல். ரெண்டையும் நடுவுல ஒரு ஹைஃபன் போட்டு அடிச்சா சுமார் 8,700 கிலோமீட்டர்னு வருது. இது பூமி உருண்டை மேல போடற மிகக் குறைஞ்ச தூரம். ஒரு தேங்காய் மேல ரெண்டு இடத்துல புள்ளி வச்சு நூல இழுத்து பிடிச்சா எப்படி போகுமோ அப்படி. சுவத்துல மாட்டுற மேப்ல ஸ்கேல் வச்சு கோடு போட்டா அது வேற வழி, தூரம் கூடத்தான் வரும், ஏன்னா உருண்டைய பரத்தி ஒட்டும்போது எல்லாம் இழுபட்டு போயிருக்கும். ஆரம்பத்துல மைல்ல காட்டும், கீழ யூனிட் மாத்துற இடம் இருக்கு, அதுல கிலோமீட்டர் போட்டுக்கோங்க. கடல் மைல்னு ஒண்ணும் இருக்கும், அது 1.852 கிலோமீட்டர், பைலட்டுங்க கணக்கு, நமக்கு வேண்டாம்.

அந்த கோட்ட பெரிசாக்கி பாத்தப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. திருவனந்தபுரத்துல இருந்து மெல்போர்னுக்கு நேர்கோடு போட்டா அது எங்க வழியா போகுதுன்னு நெனைக்கிறீங்க? நேரா தென்கிழக்கா நம்ம கரைய ஒட்டியே வந்து, குளச்சல், முட்டம் பக்கமா கடந்து, கன்னியாகுமரி முனைக்கு கொஞ்சம் வெளிய கடலுக்குள்ள இறங்கி, இலங்கைக்கு கீழாக போய், அப்புறம் முழுசா இந்துமகா சமுத்திரம்தான். அதாவது நாம நாகர்கோவில்ல இருந்து, தக்கலைல இருந்து கார் பிடிச்சு வடமேற்கா திருவனந்தபுரம் போய் ஃப்ளைட் ஏறி, திரும்பவும் நம்ம ஊர் பக்கமா வந்துதான் ஆஸ்திரேலியா போற கணக்கு. இத அம்மாகிட்ட ஃபோன்ல காட்டுனேன், "அப்பம் முட்டத்துல இருந்து கையக் காட்டுனா தெரியுமா"ன்னு கேட்டாங்க. நேரடி ஃப்ளைட் கிடையாதும்மா, கோடு மட்டும்தான் அப்படின்னேன். இருந்தாலும் அவங்களுக்கு அது ஒரு தெம்பு, தெரியாத ஊருக்கு போற வழி தெரிஞ்ச ஊர்ல இருந்து ஆரம்பிக்குதுல்லா.

இப்பம் விஷயத்துக்கு வாறேன். திருவனந்தபுரத்துல இருந்து மெல்போர்னுக்கு நேரா ஃப்ளைட் இல்ல, எங்கயாவது ஒரு இடத்துல மாறியே ஆகணும். எங்க மாறுறோம்கிறதுலதான் அம்மாவுக்க இடுப்பும் முட்டும் இருக்கு. இந்த சைட்ல ரெண்டு ஊர் மட்டும் இல்ல, மூணு நாலு ஊர வரிசையா அடிக்கலாம், மொத்த தூரத்தையும் கூட்டித் தரும், நடுவுல கமா போட்டா ரெண்டு மூணு வழிய ஒரே மேப்ல பக்கத்துல பக்கத்துல பாக்கலாம். நான் அப்படித்தான் பாத்தேன்.

கொழும்பு வழியா போனா, திருவனந்தபுரம் டு கொழும்பு சுமார் 360 கிலோமீட்டர், கொழும்பு டு மெல்போர்ன் 8,360 கிட்ட, மொத்தம் 8,720ஐ சுத்தி வருது. நேர்கோட்ட விட இருபது கிலோமீட்டர் கூட கூடுதல் இல்ல! தக்கலைல இருந்து நாகர்கோவில் போற தூரம்தான் வித்தியாசம். ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் கொழும்புல இருந்து மெல்போர்னுக்கு நேரா பறக்குது, திருவனந்தபுரத்துக்கும் வருது. சிங்கப்பூர் வழி 3,100ம் 6,000 சொச்சமும் சேர்த்து 9,100 சொச்சம். கோலாலம்பூர் வழியும் ஏறக்குறைய அதே 9,100 சொச்சம்தான். நேர்கோட்ட விட நானூத்தி சொச்சம் கிலோமீட்டர் கூடுது, ஃப்ளைட்டுக்கு அது அரை மணிக்கூர், பெரிசா ஒண்ணும் இல்ல. டெல்லி போய் அங்கிருந்து மெல்போர்ன் நேரா போற ஏர் இந்தியா ஃப்ளைட் இருக்கு, அது 2,230ம் 10,200ம் சேர்ந்து 12,400. வடக்க ஏறிட்டு திரும்ப தெக்க இறங்குறோம்ல, அதான் அவ்வளவு.

அப்புறம் கல்ஃப் வழி. ஊர்ல ஒரு ட்ராவல்ஸ்ல எனக்கு மொதல்ல காட்டுனதே இததான், விலை கொஞ்சம் கம்மி, பெரிய ப்ளேன், நல்ல சாப்பாடு, எல்லாரும் இதுலதான் போறாங்கன்னு சொன்னாங்க. துபாய் வழியா அடிச்சு பாத்தேன். திருவனந்தபுரம் டு துபாய் 2,900க்கு மேல, துபாய் டு மெல்போர்ன் 11,600க்கு மேல, மொத்தம் 14,500 கிலோமீட்டருக்கும் கூடுதல். நேர்கோட்ட விட ஆறாயிரத்துக்கு ஒட்டி அதிகம். மெல்போர்ன் கிழக்க இருக்கு, இவங்க அம்மாவ நாலு மணிக்கூர் மேற்க கூட்டிட்டு போய், அங்க உக்கார வச்சு, அப்புறம் வந்த வழிக்கே கிழக்க திருப்பி பதிமூணு பதினாலு மணிக்கூர் பறக்க வைக்கப் பாக்குறாங்க. மொத்தம் பதினெட்டு மணிக்கூர் ஆகாயத்துலயே. அந்த மேப்ல மேற்க ஒரு கோடு போய் அப்படியே மடங்கி திரும்பி வந்தத பாத்ததும் எனக்கு கோவமே வந்துட்டு. கடைல இருந்த தம்பிகிட்ட ஃபோன நீட்டி காட்டுனேன், அவரும் நல்ல பையன்தான், "அண்ணே, கம்ப்யூட்டர்ல விலை வாரியா மேல வாறத நாங்க சொல்லுவோம், மேப் பாத்து சொல்றதில்ல"ன்னு நேராவே சொன்னார். அதான் நாமளே பாக்கணும்னு சொல்றேன்.

கல்ஃப் வழி மோசம்னு சொல்லல, தயவு செஞ்சு அப்படி எடுத்துக்காதீங்க. நம்ம ஆளுங்களுக்கு கல்ஃப் ஏர்போர்ட்டுங்க பழகுன இடம், மலையாளமும் தமிழும் பேசுற ஆளு மூலைக்கு ஒருத்தர் உண்டு. லண்டன், டப்ளின் போறவங்களுக்கு அதுதான் சரியான வழி. சித்தப்பா பையன் லண்டன்ல இருக்கான், அவனுக்க வழியையும் அடிச்சு பாத்தேன், திருவனந்தபுரம் டு லண்டன் ஹீத்ரோ நேர்கோடு 8,400, தோஹா வழியா போனா 8,500ஐ ஒட்டி. நூறு கிலோமீட்டர்தான் வித்தியாசம், ஏன்னா கல்ஃப் சரியா அந்த வழிலயே கெடக்கு.

இதுல இன்னொண்ணு பாத்தீங்களா, லண்டன் 8,400, மெல்போர்ன் 8,700! வீட்டுல எல்லாரும் என்ன சொல்லிட்டிருந்தாங்கன்னா, லண்டன்னா பக்கம், மெல்போர்ன் உலகத்துக்க அந்தப் பக்கம், பொண்ண அவ்வளவு தூரத்துல விட்டுட்டோம்னு மைனி வரைக்கும் சங்கடப்பட்டுட்டு கெடந்தாங்க. நம்ம ஊர்ல இருந்து பாத்தா ரெண்டும் ஏறக்குறைய ஒரே தூரம், ஒண்ணு வடமேற்க, ஒண்ணு தென்கிழக்க. மணி வித்தியாசம் கூட அப்படித்தான். நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் லண்டன் நமக்கு அஞ்சரை மணிக்கூர் பின்னாடி, மெல்போர்ன் அஞ்சரை மணிக்கூர் முன்னாடி. நடுவுல சரியா நாம. ஆஸ்திரேலியான்னு ஒரே பேரா சொல்றோம், அதுக்குள்ளயே பெர்த் 6,100 கிலோமீட்டர்தான், அங்கிருந்து மெல்போர்ன் இன்னும் 2,700. பெர்த்ல வேலை கெடச்சவங்க வீட்டுல அவ்வளவு பயப்படவே வேண்டாம், சத்தியமா.

இப்பம் நேரத்துக்க கதை. தூரம் காட்டுற வேற சைட்டுங்க நெறைய இருக்கு, அதுல "ஃப்ளைட் டைம்"னு ஒரு கட்டத்துல போட்டிருக்கும். அது எப்படி வருதுன்னா, தூரத்த எடுத்து மணிக்கு 800 இல்லன்னா 900 கிலோமீட்டர்னு ஒரு வேகத்தால வகுத்து, ஏற இறங்க ஒரு அரை மணிக்கூர் கூட்டி போட்டுருவாங்க. 8,700ஐ 900ஆல வகுத்தா ஒன்பதே முக்காலுக்கு கொஞ்சம் கம்மி, அரை கூட்டுனா பத்தேகால ஒட்டி வரும். 800ஆல வகுத்து அரை கூட்டுனா பதினொண்ண தாண்டும். இதுதான் ஆளுக்கு ஒரு நேரம் சொல்றதுக்க ரகசியம். அந்த ஊருக்கு ஃப்ளைட்டே இருக்கா இல்லையான்னு அந்த கணக்குக்கு தெரியாது, அது பாட்டுக்கு சொல்லும். காத்தும் தெரியாது. தென் ஆஸ்திரேலியா பக்கம் உயரத்துல மேற்கிலிருந்து கிழக்க பலமா காத்தடிக்கும், அதனால சிங்கப்பூர்ல இருந்து மெல்போர்ன் போறதுக்கு ஏழே கால், ஏழரை மணிக்கூர்னா திரும்பி வாறதுக்கு எட்டு மணிக்கூர ஒட்டி ஆகும். ஒரே தூரம், ரெண்டு நேரம். சின்ன ப்ளேன் பெரிய ப்ளேன் வித்தியாசமும் உண்டு, ரன்வேல க்யூல நிக்கிற நேரமும் டிக்கெட் நேரத்துல சேரும்.

உண்மையான பறக்கிற நேரம் வேணும்னா ஃப்ளைட்ரேடார்24 பாருங்க, ஸ்வீடன்காரங்க ஆரம்பிச்சது. ப்ளேன்ல இருந்து வர்ற சிக்னல அங்கங்க ஆளுங்க வீட்டு மொட்டை மாடிலயும் மத்த இடத்துலயும் வச்சிருக்கிற ரிசீவர் பிடிச்சு அனுப்புது, அத வச்சுதான் மேப்ல மஞ்சள் ப்ளேன் நகருது. அதுல ஃப்ளைட் நம்பர் அடிச்சா கடைசி ஒரு வாரம் எப்ப கிளம்பிச்சு எப்ப இறங்கிச்சு எவ்வளவு நேரம் பறந்துச்சுன்னு காசு குடுக்காமலே பாக்கலாம். கற்பனை கணக்கு இல்ல, நேத்து நடந்தது, முந்தாநேத்து நடந்தது. தினமும் லேட்டா கிளம்புற ஃப்ளைட்டா இல்லையான்னும் தெரிஞ்சுரும், கனெக்‌ஷன் ஃப்ளைட் பிடிக்கிறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம். ஒரே ஒரு விஷயம், வீட்டுல இருக்கிறவங்ககிட்ட முன்கூட்டியே சொல்லி வைங்க, நடுக்கடல் மேல போகும்போது கரைல இருக்கிற ரிசீவருக்கு சிக்னல் எட்டாது, அப்பம் ப்ளேன் மேப்ல இருந்து காணாம போகும், இல்லன்னா குத்துமதிப்பா ஒரு கோட்டுல நகரும். அத பாத்து பதறி அழுது நைட்டு பன்னெண்டு மணிக்கு ஊர எழுப்பக்கூடாது. ஆஸ்திரேலியா கரைய நெருங்கும்போது தானா திரும்ப வந்துரும்.

அப்பம் அம்மா கேட்ட கேள்விக்கு பதில் என்ன? வீட்டு வாசல்ல இருந்து தங்கச்சி வீட்டு வாசல் வரைக்கும் நான் போட்ட கணக்கு இது, சிங்கப்பூர் வழிக்கு. தக்கலைல இருந்து ஏர்போர்ட்டுக்கு ரெண்டு மணிக்கூர். இன்டர்நேஷனல்ங்கிறதால மூணு மணிக்கூர் முன்ன உள்ள போகணும். சிங்கப்பூர் வரை நாலேகால். அங்க மாறுறதுக்கு ஒரு நாலு மணிக்கூர் வச்சுக்கோங்க, அதுக்கு குறைஞ்சா வயசானவங்களுக்கு ஓட்டம்தான். அங்கிருந்து ஏழரை. இறங்கி இமிக்ரேஷன், பெட்டி, கஸ்டம்ஸ் எல்லாம் முடிய ஒன்றரை, கார்ல வீடு போக ஒண்ணு. கூட்டுனா இருபத்தி மூணு மணிக்கூர் தாண்டுது. பறக்கிறது அதுல பாதிதான். பத்தேகால்னு நெட்ல பாத்துட்டு ஒரு நேர மாத்திரைய மட்டும் கைப்பைல வச்சு அனுப்புனா என்ன ஆகும்னு யோசிங்க. சுகர், பிரஷர் மாத்திரை எடுக்கிறவங்களுக்கு ஒரு முழு நாள் மாத்திரையும் கூட ஒரு நாள் உபரியும் கைப்பைல இருக்கணும், பெரிய பெட்டில போடாதீங்க, டாக்டர் சீட்டும் சேர்த்து வைங்க.

டிக்கெட்ல போட்டிருக்கிற நேரத்த கூட்டி கழிக்கும்போதும் கவனம். கிளம்புற நேரம் நம்ம ஊர் மணி, இறங்குற நேரம் அந்த ஊர் மணி. உதாரணத்துக்கு ராத்திரி 11 மணிக்கு கிளம்பி மறுநாள் ராத்திரி 8:15க்கு மெல்போர்ன் இறங்குதுன்னு போட்டிருந்தா, பாத்தா இருபத்தொண்ணே கால் மணிக்கூர் மாதிரி தெரியும், அதுல அஞ்சரைய கழிச்சா பதினஞ்சே முக்கால்தான் உண்மையான நேரம். அந்த அஞ்சரையும் வருஷம் முழுக்க கிடையாது. அக்டோபர் முதல் ஞாயித்துக்கிழமைல இருந்து ஏப்ரல் முதல் ஞாயித்துக்கிழமை வரைக்கும் மெல்போர்ன்ல கடிகாரத்த ஒரு மணிக்கூர் முன்ன தள்ளி வச்சிருப்பாங்க, அப்பம் அஞ்சரை, மத்த மாசத்துல நாலரை. திரும்பி வரும்போது கணக்கு தலைகீழ், டிக்கெட்ல கம்மியா தெரியும், கூட்டிக்கணும்.

எந்த சைட்டும் சொல்லாத துண்டு ஒண்ணு இருக்கு, நம்ம ரோடு. 8,700 கிலோமீட்டர ஆகாயத்துல ஒழுங்கா கடந்துரலாம், நாகர்கோவில்ல இருந்து ஏர்போர்ட் போற எழுபது சொச்சம் கிலோமீட்டர்தான் என்னைக்குமே நிச்சயம் இல்லாதது. மார்த்தாண்டத்துக்கு மேம்பாலம் வந்த பிறகு அந்த ஊர தாண்டுறது எளுப்பமாச்சு, ஆனா வில்லுக்குறி, தக்கலை, அழகியமண்டபம், குழித்துறை, களியக்காவிளைன்னு கடைத்தெரு கடைத்தெருவா நின்னு நின்னுதான் போகணும். நாலுவழிச்சாலை முழுசா வந்தா சரியாகும்னு நாமளும் எத்தன காலமா சொல்லிட்டு இருக்கோம். களியக்காவிளை தாண்டி நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியா போகாம காரோட்ல பைபாஸ்ல ஏறிருங்க, விழிஞ்ஞம், கோவளம் பக்கமா சாக்கைல கொண்டு போய் விட்டுரும், இன்டர்நேஷனல் டெர்மினல் அங்கதான் இருக்கு. பழைய டெர்மினல் சங்குமுகம் கடற்கரை பக்கம், ரன்வேக்க அந்தப் பக்கம், மாத்தி போயிட்டா சுத்தி வரணும், அதனால டிக்கெட்ல எந்த டெர்மினல்னு பாத்துட்டு டிரைவர்கிட்ட மொதல்லயே சொல்லிருங்க.

நவராத்திரி சமயம் பத்மநாபபுரத்துல இருந்து சாமி ஊர்வலமா திருவனந்தபுரம் போகும்லா, சரஸ்வதி அம்மனும் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் இதே ரோட்டுலதான் போவாங்க. அந்த நாள்ல வண்டி நேரம் கூட வச்சுக்கணும். ஏர்போர்ட்டுக்குள்ளயும் ஒரு விசேஷம் இருக்கு, பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு, அதாவது சாமிய கடல்ல நீராட்ட கொண்டு போற ஊர்வலம், வருஷத்துல ரெண்டு தடவை, பங்குனிலயும் ஐப்பசிலயும், ரன்வேய கடந்துதான் சங்குமுகம் கடலுக்கு போகும். அன்னைக்கு சாயங்காலம் சில மணிக்கூர் ரன்வேய மூடிருவாங்க, ஃப்ளைட் நேரமெல்லாம் மாறும். ராஜா காலத்துல இருந்து வாற வழக்கம், ஏர்போர்ட் வந்ததே 1932லதான். பழைய திருவிதாங்கூர்காரங்க நமக்கு இது ஒண்ணும் புதுசில்ல, ஆனா ஆப்ல டிக்கெட் எடுக்கிற பிள்ளைங்களுக்கு தெரியாது, அந்த தேதி அன்னைக்கு எடுத்தா ஏர்லைன்ஸ்ல இருந்து மெசேஜ் வந்திருக்கான்னு பாத்துட்டே இருங்க. மதுரைல இருந்தும் கொழும்பு, சிங்கப்பூர் போற ஃப்ளைட் இருக்குதான், ஆனா நாகர்கோவில்ல இருந்து இருநூத்தி நாப்பது கிலோமீட்டர், நமக்கு திருவனந்தபுரம்தான் பக்கம்.

மெல்போர்ன்ல இறங்கின பிறகு ஒன்றரை மணிக்கூர்னு நான் போட்டதுக்கும் காரணம் இருக்கு. அம்மா முந்திரிக்கொத்தும் ஏத்தங்காய் சிப்ஸும் அச்சுமுறுக்கும் கொண்டு போகாம இருக்க மாட்டாங்க, பேறுகாலம் வேற, மருந்துப்பொடி கருப்பட்டின்னு ஒரு பெட்டியே உண்டு. ஆஸ்திரேலியால சாப்பாட்டு சாமான் எது இருந்தாலும் ப்ளேன்ல குடுக்கிற கார்டுல "ஆமா இருக்கு"ன்னு டிக் போடணும். டிக் போட்டா திறந்து பாப்பாங்க, ஆகாததை எடுத்து போட்டுட்டு மத்தத விட்டுருவாங்க, அபராதம் கிடையாது. மறைச்சா அபராதம், அதுவும் பெரிய தொகை. பச்சைக் காய், பழம், விதை, இறைச்சி எல்லாம் ஊர்லயே விட்டுட்டு போகணும். அந்த வரிசைல நிக்கிற நேரத்தையும் சேர்த்துதான் தங்கச்சிகிட்ட எப்பம் வெளிய வருவாங்கன்னு சொல்லணும், இல்லன்னா நெற மாசமா அவ அங்க கால்கடுக்க நிப்பா.

கடைசியா கொழும்பா சிங்கப்பூரான்னு யோசிச்சப்ப, மேப்ல கொழும்புதான் ஜெயிச்சது, எனக்கும் மனசு அங்கயே நின்னுச்சு. ஒரு மணிக்கூர்ல கொழும்பு, அங்க தமிழ் போர்டும் தமிழ் பேசுற ஆளும் உண்டு, அப்புறம் பத்து மணிக்கூர் ஒரே இருப்பு. ஆனா அந்த பத்து மணிக்கூர் ஒரே இருப்புதான் அம்மாவுக்கு ஒத்து வராது, முட்டுவலிக்காரங்க, நடுவுல நடக்காம ரொம்ப நேரம் உக்காந்தா கால் வீங்கும். சிங்கப்பூர் வழில நாலேகாலும் ஏழரையுமா பிரியுது, நடுவுல நடக்கலாம், வீல்சேர் முன்னாடியே கேட்டு வச்சா டெர்மினல் மாறுறதுக்கும் அவங்களே தள்ளிட்டு போவாங்க. அதனால சிங்கப்பூர். கொழும்புல மாறுறதுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கணும்கிறதும் எடுக்கிற தேதிய பொறுத்து மாறுது, அதையும் பாக்கணும். வயசு கம்மியா, முட்டு நல்லா இருக்கிறவங்களா இருந்தா கண்ண மூடிட்டு கொழும்புன்னுதான் சொல்லுவேன்.

சைட்டுக்கு மார்க் போடணும்னா அஞ்சுக்கு நாலு. தூரத்துல ஒரு கொறையும் சொல்ல முடியாது, மேப்பும் தெளிவு, விளம்பரம் வந்து மூஞ்சில அடிக்கிறது இல்ல. ஃபோன்ல எழுத்து சின்னதா இருக்கும், ரெண்டு விரலால பெரிசாக்கிதான் பாக்கணும், கோட் தெரியலன்னா ஏர்போர்ட் பேர தேடி எடுக்கணும், முழுக்க இங்கிலீஷ். பிள்ளைங்க யாராவது ஒரு தடவை காட்டிக் குடுத்தா பெரியவங்களும் பிடிச்சுக்குவாங்க, எங்க அம்மா இப்பம் தானாவே டிஆர்வின்னு அடிக்கிறாங்க. ஆனா எந்த வழிக்கு நெஜமா ஃப்ளைட் ஓடுது, இன்னைக்கு டிக்கெட் உண்டா, எவ்வளவு நேரம் மாறுறதுக்குன்னு அதுல ஒண்ணும் தெரியாது, அதுக்குத்தான் ஒரு மார்க் கொறைச்சேன். ஃப்ளைட் டைம் கணக்கு போட்டு குடுக்கிற மத்த சைட்டுங்களுக்கு ரெண்டுக்கு மேல குடுக்க மாட்டேன், தூரம் சரியாத்தான் இருக்கு, அந்த நேரக் கட்டத்துக்கு பக்கத்துல "நேரடி ஃப்ளைட் இருந்தா மட்டும்"னு ஒரு வரி போட்டா போதும், அதைக்கூட போட மாட்டேங்குறாங்க.

சிட்னி, பிரிஸ்பேன் போறவங்க யாராவது இருந்தா உங்க வழிய அடிச்சு பாத்துட்டு எத்தன கிலோமீட்டர் கூடுதுன்னு கீழ எழுதுங்க, டொரண்டோ போறவங்களும் எழுதுங்க. கொழும்புல மாறி போன வயசானவங்க வீட்டுல யாரும் இருந்தா அங்க வீல்சேர் எப்படி, காத்திருக்கிற இடத்துல படுக்க வசதி உண்டான்னு சொல்லுங்க, திரும்பி வாற டிக்கெட் இன்னும் எடுக்கல.